மீன்தொட்டிக்கு அக்ரிலிக் வெட்டுவது எப்படி?

பள்ளிக்கு ஒரு மீன்தொட்டி வேண்டுமானால் கடையில் வாங்கிவிடலாம். சிறிய கண்ணாடித் தொட்டி, நாம் அக்ரிலிக் வாங்கிச் செய்வதைவிடக் குறைந்த விலைக்குக்கூடக் கிடைக்கும். ஆகவே பணத்தை மிச்சம் பிடிப்பதற்காக இதைச் செய்யச் சொல்லவில்லை. ஐந்து தகடுகளை அளந்து, வெட்டி, சேர்த்து, அதில் பத்து லிட்டர் தண்ணீரை ஒரு சொட்டும் கசியாமல் நிறுத்த வேண்டும் என்று ஒரு வகுப்பு இறங்கும்போது, அளவியல், அழுத்தம், பலபடி, ஒளி என்று நாம் தனித்தனிப் பாடவேளைகளில் நடத்துகிற பாடங்கள் ஒரே மேசைக்கு வந்து சேர்கின்றன. விடைத்தாளில் ஒரு மில்லிமீட்டர் பிழைத்தால் அரை மதிப்பெண் போகும். இங்கே தண்ணீர் போகும்.

அறிவியல் கண்காட்சிக்காகச் செய்யப்படும் அக்ரிலிக் தொட்டிகள் பல, சில வாரங்களிலேயே கசியத் தொடங்கிவிடுகின்றன. உடனே பசை சரியில்லை என்கிறோம். பெரும்பாலும் குறை பசையில் இருப்பதில்லை, வெட்டிய விளிம்பில் இருக்கிறது. அக்ரிலிக்கைப் பொறுத்தவரை வெட்டி விளிம்பைச் சமன்செய்வதுதான் முக்கால்வாசி வேலை. அதனால் இக்கட்டுரையில் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

அக்ரிலிக் என்னும் பலபடி

கடைக்காரர் அக்ரிலிக் ஷீட் என்று தருவது பாலிமெத்தில் மெத்தக்ரிலேட் என்னும் பலபடி. ஏழாம் வகுப்பில் பலபடி வேதியியல் நடத்தும்போது கையில் கொடுத்துக் காட்ட நல்ல பொருள். 1930களில் இது விற்பனைக்கு வந்தது. ஜெர்மனியில் பிளெக்சிகிளாஸ் என்றும் இங்கிலாந்தில் பெர்ஸ்பெக்ஸ் என்றும் பெயர். இரண்டாம் உலகப் போரில் போர் விமானங்களில் விமானியின் தலைக்கு மேலுள்ள கூண்டு இதில் செய்யப்பட்டது. சண்டையில் கூண்டு உடைந்து சில விமானிகளின் கண்ணுக்குள் துண்டுகள் தைத்தன. அந்தத் துண்டுகளைக் கண் வெறுத்து ஒதுக்காமல் ஏற்றுக்கொண்டதை ஹெரால்டு ரிட்லி என்ற இலண்டன் கண் மருத்துவர் கவனித்தார். 1949இல் இதே பொருளில் லென்ஸ் செய்து, கண்புரை நோயாளி ஒருவரின் கண்ணுக்குள் பொருத்தினார். இன்று மதுரையில் அரோலேப் தயாரிக்கும் உள்விழி லென்ஸ்களுக்கும் தொடக்கம் அங்கேதான். தாத்தா பாட்டிக்குக் கண்புரை அறுவை நடந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். தொட்டி வேலையை இந்தக் கதையிலிருந்து தொடங்கினால் பிள்ளைகள் தகட்டை வேறு கண்ணோடு பார்க்கிறார்கள்.

நமக்கு வேண்டிய பண்புகள் சில. அக்ரிலிக்கின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு சுமார் 1.19 கிராம். கண்ணாடிக்கு சுமார் 2.5 கிராம். ஆகவே ஒரே அளவுள்ள தொட்டி கண்ணாடியில் இருப்பதில் பாதி எடைகூட வராது. தன்மேல் விழும் ஒளியில் சுமார் 92 சதவீதத்தை உள்ளே விடும். உடைந்தாலும் கண்ணாடிபோல் கத்திச் சில்லுகளாகச் சிதறாது. பலவீனம் இரண்டு. எளிதில் கீறல் விழும். சுமார் 100 டிகிரி செல்சியசைத் தாண்டினாலே இளகிவிடும். இந்த இரண்டாவது பலவீனம் வெட்டும்போது நம்மைத் தேடி வரும்.

பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் ஷீட் கிடைக்கும். 8 அடிக்கு 4 அடி முழு ஷீட் நமக்குத் தேவையில்லை. வெட்டியது போக மீந்த துண்டுகளை மலிவாகத் தருவார்கள். வார்த்துச் செய்த ஷீட், பிதுக்கிச் செய்த ஷீட் என இரண்டு வகை உண்டு. ‘காஸ்ட் ஷீட்’ என்று கேட்டு வார்த்த வகையையே வாங்குங்கள். பிதுக்கிச் செய்தது அறுக்கும்போது சீக்கிரம் இளகி ரம்பத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டுதிரவம் பட்டால் மயிரிழை வெடிப்புகளும் அதில் எளிதில் தோன்றும். பாலிகார்பனேட் ஷீட்டும் பார்வைக்கு இதுபோலவே இருக்கும். அது வளையுமே தவிர, கீறி உடைத்தால் உடையாது. எனவே பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குவது நல்லது. இருபுறமும் ஒட்டியிருக்கும் காகிதத்தையோ பிளாஸ்டிக் உறையையோ ஒட்டும் நாள்வரை உரிக்க வேண்டாம்.

அளவு: 200 அன்று, 190

நாம் செய்யப்போகும் தொட்டிக்கு வெளி நீளம் 300 மி.மீ., வெளி அகலம் 200 மி.மீ., சுவர் உயரம் 200 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். தகடு 5 மி.மீ. தடிமன். நான்கு சுவர்களும் அடித்தகட்டின் மேல் நிற்கும். முன்சுவருக்கும் பின்சுவருக்கும் இடையில் பக்கச் சுவர்கள் இரண்டும் அடங்கும்.

இப்போது ஐந்து தகடுகளின் அளவையும் எழுதச் சொல்லுங்கள். அடித்தகடு 300 × 200. முன்சுவர், பின்சுவர் 300 × 200. இதுவரை எல்லோரும் சரியாக எழுதுவார்கள். பக்கச் சுவருக்கு வரும்போது முக்கால்வாசிப் பேர் 200 × 200 என்று எழுதுவார்கள். பாடநூலில் உள்ள கனச்செவ்வகத்துக்குச் சுவர்த்தடிமன் கிடையாது. அங்கே பழகிய கை இங்கேயும் அப்படியே எழுதும். உடனே திருத்த வேண்டாம். தடித்த அட்டைப்பெட்டி அட்டையில் ஐந்து துண்டுகளையும் வெட்டிச் சேர்த்துப் பார்க்கட்டும். பின்சுவர் அடித்தகட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தபின், 200இலிருந்து இரண்டு தடிமனைக் கழிக்க வேண்டும் என்பதை அவர்களே சொல்வார்கள். பக்கச் சுவரின் அகலம் 200 − 5 − 5 = 190 மி.மீ.

இன்னொன்றையும் சேர்க்கலாம். 5 மி.மீ. என்று விற்கப்படும் ஷீட் எப்போதும் சரியாக 5 மி.மீ. இருப்பதில்லை. வெர்னியர் அளவியை எடுத்து நான்கு இடங்களில் அளக்கச் சொல்லுங்கள். 4.7 மி.மீ. இருந்தால் பக்கச் சுவர் 190.6 மி.மீ. ஆக வேண்டும். வெர்னியர் அளவி எதற்குத் தேவை என்ற கேள்விக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் எந்த விடையையும்விட இது பிள்ளைகளுக்கு நன்றாகப் புரிகிறது.

அடுத்து, இந்த ஐந்து தகடுகளையும் ஒரு மூடியையும் 2 அடிக்கு 2 அடி, அதாவது 610 × 610 மி.மீ. துண்டிலிருந்து எடுக்க முடியுமா என்று கேளுங்கள். ஒரு நிபந்தனை உண்டு. கீறி உடைக்கும் முறையில் ஒவ்வொரு வெட்டும் ஒரு விளிம்பில் தொடங்கி மறுவிளிம்பு வரை போயாக வேண்டும். நடுவில் நிறுத்த முடியாது. ‘ட’ வடிவில் திரும்பவும் முடியாது. மாணவர்கள் கட்டத்தாளில் பலவிதமாகப் போட்டுப் பார்ப்பார்கள். எனக்குப் பிடித்த விடை இது. துண்டை முதலில் 200 மி.மீ. அகலமுள்ள மூன்று பட்டைகளாக்க வேண்டும். முதல் பட்டையில் ஒரு 300, ஒரு 190, இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவது பட்டையில் ஒரு 300 போக மீதி 310 அப்படியே மூடி. மூடி 10 மி.மீ. நீண்டிருந்தால் தூக்குவதற்கு வசதிதானே!

பட்டைகளைக் கடையிலேயே இயந்திரத்தில் வெட்டித்தரச் சொல்லுங்கள். ரம்பம் ஒவ்வொரு வெட்டுக்கும் சுமார் 3 மி.மீ. பொருளைத் தூளாக்கித் தின்னும். மூன்று வெட்டுக்கு 9 மி.மீ. 600உடன் 9 சேர்ந்தால் 609. 610இல் ஒரு மில்லிமீட்டர் மிஞ்சும். கடையில் வெட்டுவதால் இன்னொரு நன்மை, நான்கு சுவர்களின் உயரமும் ஒன்றுபோல் அமைந்துவிடும். பள்ளியில் நாம் வெட்ட வேண்டியவை 200 மி.மீ. நீளமுள்ள ஐந்தே வெட்டுகள்.

தண்ணீர் எவ்வளவு தள்ளுகிறது?

வெட்டத் தொடங்கும் முன் தகடு ஏன் 5 மி.மீ. என்பதைக் கணக்கிட்டுக் காட்டுவது நல்லது. உள்ளளவு 290 × 190 மி.மீ. தண்ணீர் 180 மி.மீ. உயரம் நின்றால் கன அளவு 29 × 19 × 18 = 9918 கன செ.மீ. ஏறத்தாழ 10 லிட்டர், 10 கிலோ.

அடியில் அழுத்தம் 1000 × 9.8 × 0.18 = 1764 பாஸ்கல். மேற்பரப்பில் சுழி. ஆகவே முன்சுவரின் மேல் சராசரி அழுத்தம் 882 பாஸ்கல். தண்ணீர் படும் பரப்பு 0.29 × 0.18 = 0.0522 ச.மீ. இரண்டையும் பெருக்கினால் சுமார் 46 நியூட்டன். ஏறக்குறைய 4.7 கிலோ எடையைப் படுக்கவைத்த தகட்டின் மேல் இரவும் பகலும் ஏற்றி வைப்பதற்குச் சமம். அந்தத் தள்ளுதலைத் தாங்குவது 5 மி.மீ. அகலமுள்ள ஒட்டுக்கோடுதான்.

தண்ணீரின் உயரத்தை இரட்டிப்பாக்கினால் என்ன ஆகும் என்று கேட்டால், விசையும் இரட்டிப்பாகும் என்றே பெரும்பாலோர் சொல்வார்கள். சராசரி அழுத்தமும் இரட்டிப்பாகிறது, பரப்பும் இரட்டிப்பாகிறது. விசை நான்கு மடங்கு, 184 நியூட்டன். தொட்டியை நீளமாக்குவதைவிட உயரமாக்குவதுதான் ஆபத்து. தடிமன் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. ஒரே சுமைக்கு, தகட்டின் தடிமன் இரு மடங்கானால் அது வளைவது எட்டில் ஒரு பங்காகக் குறையும். ஜப்பானில் ஒகினாவாவில் உள்ள சுராவுமி மீன் காட்சியகத்தின் பெரிய தொட்டிக்கு 8.2 மீட்டர் உயரமும் 22.5 மீட்டர் நீளமும் உள்ள அக்ரிலிக் சுவர் வைத்திருக்கிறார்கள். அதன் தடிமன் 60 செ.மீ. நம் வகுப்பறைச் சுவரைவிடத் தடிமனானது, ஆனாலும் அதன் வழியே திமிங்கலச் சுறா தெரிகிறது!

கீறி உடைத்தல்

இதற்கான கருவி அக்ரிலிக் கட்டர். அலகின் நுனி கொக்கிபோல் வளைந்திருக்கும். கைப்பிடியோடு கடையில் கிடைக்கும். உடைந்த ஹாக்சா பிளேடைச் சாணைபிடித்துக் கொக்கிபோல் ஆக்கிப் பயன்படுத்தும் தொழிலாளர்களும் உண்டு. சாதாரணக் காகிதம் வெட்டும் கத்தி வேண்டாம். அது பள்ளம் எடுக்காது; மேலே கோடு மட்டும் இழுத்து வழுக்கும், வழுக்கினால் விரலுக்கு வரும். கொக்கி அலகு பொருளை இழைபோலச் சுருளாகச் சீவி வெளியே எடுக்கும். சுருள் வந்தால் கை சரியாகப் போகிறது; தூள் வந்தால் அலகு சாய்ந்திருக்கிறது.

தகட்டைச் சமமான மேசையில் வைத்து, மூலைமட்டத்தால் செங்குத்துக் கோடு போடுங்கள். இழைத்துச் சமன்செய்ய இடம் வேண்டும் என்பதால் 300க்கு 301, 190க்கு 191 என்று ஒரு மில்லிமீட்டர் கூட்டிக் குறியுங்கள். கோட்டின் மேல் இரும்பு அளவுகோலை வைத்து இரு முனையிலும் சி-கிளாம்பால் இறுக்குங்கள். அளவுகோல் நமக்கு வேண்டிய துண்டின் மேல் இருக்கட்டும். கை வழுக்கினால் கீறல் மீதித் துண்டில்தான் விழும்.

முதல் இழுப்பு மெதுவாக, அழுத்தமே இல்லாமல், கோட்டின் முழு நீளத்துக்கும் போக வேண்டும். அந்த முதல் தடம் நேராக விழுந்தால் மற்றவை அதன் வழியே ஓடும். பிறகு கொஞ்சம் அழுத்தம் கூட்டி, ஒரே திசையில், தன்னை நோக்கி, விளிம்பிலிருந்து விளிம்பு வரை இழுக்க வேண்டும். இடைநடுவில் நிறுத்திவிட்டு அங்கிருந்து தொடரும் பழக்கம் மாணவர்களிடம் உண்டு. அந்த இடத்தில் பள்ளம் ஆழம் குறைந்து, உடையும்போது அங்கே கோடு விலகும். 3 மி.மீ. தகட்டுக்குப் பத்து இழுப்பு அளவில் போதும். 5 மி.மீ. தகட்டுக்கு இருபதுகூட ஆகலாம். எண்ணிக்கையைவிட ஆழம்தான் கணக்கு: தடிமனில் மூன்றில் ஒரு பங்காவது பள்ளம் விழ வேண்டும்.

இனி உடைப்பது. பள்ளம் மேலே பார்த்தபடி, கோடு மேசையின் கூர்விளிம்புக்கு நேராக வரும்படி தகட்டை வையுங்கள். வேண்டிய பகுதி மேசைமேல், மீதி வெளியே. மேசைமேல் உள்ள பகுதியை ஒரு மரச்சட்டம் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, வெளியே நீட்டியதைத் தயங்காமல் ஒரே அழுத்தாகக் கீழே அழுத்துங்கள். ‘டக்’ என்று பிரியும். பயந்து கொஞ்சம் கொஞ்சமாக வளைப்பவருக்கே அது கோணலாக உடையும். உடையாமல் முரண்டு பிடித்தால் பலத்தைக் கூட்ட வேண்டாம். திரும்பவும் ஐந்து முறை கீறுங்கள்.

தகடு வளையும்போது அதன் மேல்பக்கம் இழுபடுகிறது, கீழ்ப்பக்கம் நெருக்கப்படுகிறது. இழுவிசை முழுவதும் பள்ளத்தின் கூரான அடியில் குவிகிறது. வெடிப்பு அங்கிருந்து நேர்கீழாக ஓடுகிறது. ஷாம்பு பாக்கெட்டின் ஓரத்தில் உள்ள சிறு வெட்டும், மாத்திரையின் நடுவில் உள்ள கோடும் இதே வேலையைத்தான் செய்கின்றன. பிள்ளைகளிடம் இன்னும் எங்கெல்லாம் பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டால் நமக்குத் தோன்றாதவற்றையெல்லாம் சொல்வார்கள்.

இரண்டு விரல் அகலத்துக்கும் குறைவான பட்டையைக் கீறி உடைக்க முடியாது. பிடித்து வளைக்க இடம் இல்லாததால் சில்லு சில்லாகப் பெயரும். அதற்கு ஹாக்சாதான். அங்குலத்துக்கு 24 அல்லது 32 பல் உள்ள பிளேடைப் போட்டு, நிதானமாக அறுக்க வேண்டும். வேகமாக அறுத்தால் உராய்வு வெப்பத்தில் தூள் இளகி, அறுத்த கோட்டுக்குள்ளேயே மறுபடி ஒட்டிக்கொள்ளும். அறுத்துக்கொண்டே போவோம், பின்னால் அது மூடிக்கொண்டே வரும். கிரானைட், டைல்ஸ் வெட்டும் இயந்திரத்தால் வெட்டினாலும் இதே கதைதான். அதன் சக்கரத்துக்குப் பல் இல்லை, தேய்த்தே வெட்டும், அக்ரிலிக் உருகி வழியும். சூடான கம்பியாலோ சால்டரிங் இரும்பாலோ உருக்கி வெட்டுவதைப் பள்ளியில் அறவே தவிர்க்க வேண்டும். வரும் புகை கெட்டது, அக்ரிலிக் தீப்பிடித்து எரியவும் செய்யும்.

லேசர் இயந்திரம் உள்ள கடைகள் இப்போது சிறு ஊர்களிலும் வந்துவிட்டன. விளிம்பு பளபளவென்று அழகாக வரும். ஆனால் அந்த விளிம்பு உருகிக் குளிர்ந்தது. உள்ளே இறுக்கத்தோடு இருக்கும். ஒட்டுதிரவமோ ஸ்பிரிட்டோ பட்டால் அங்கே நுண்வெடிப்பு கிளம்பும். லேசர் வெட்டை வகுப்பறைக் கடிகாரத்துக்கும் பெயர்ப்பலகைக்கும் வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் நிற்க வேண்டிய இடத்துக்கு என் வாக்கு கை வெட்டுக்கே.

யார் வெட்டுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்கள், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, ஒரு நேரத்தில் ஒருவராக, ஆசிரியர் அருகில் நிற்கக் கீறலாம். உடைக்கும்போது மற்றவர்கள் இரண்டடி தள்ளி நிற்கட்டும். ஆறு முதல் எட்டு வரை உள்ளவர்களுக்கு அளத்தல், குறித்தல், அட்டை மாதிரி, தேய்த்தல் ஆகியவை போதும். முதலில் எல்லோரும் மீதித் துண்டுகளில் பழக வேண்டும்.

விளிம்பு

உடைந்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்தால் கீறிய பக்கம் சரிவாகவும் மறுபக்கம் கூராகவும் இருக்கும். இதை அப்படியே ஒட்டினால் 5 மி.மீ. அகல விளிம்பில் பாதிகூட மறுதகட்டைத் தொடாது. கசிவு இங்கேதான் பிறக்கிறது.

எல்லா விளிம்பையும் ஒரே அக்கறையோடு தேய்க்கத் தேவையில்லை. எவை ஒட்டும் விளிம்புகள் என்று மாணவர்களைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நான்கு சுவர்களின் அடிவிளிம்பு நான்கு, பக்கச் சுவர்களின் நிற்கும் விளிம்பு நான்கு, ஆக எட்டு. அடித்தகட்டின் விளிம்புகளும், முன்சுவர், பின்சுவர்களின் நிற்கும் விளிம்புகளும் வெளியே தெரியுமே தவிரத் தண்ணீரைத் தாங்கவில்லை. அவற்றைக் கை அறுக்காத அளவுக்கு மழுக்கினால் போதும். உழைப்பு முழுவதும் அந்த எட்டுக்கு.

முதலில் ஹாக்சா பிளேடின் முதுகைச் செங்குத்தாகப் பிடித்து விளிம்பைச் சீவி மேட்டை எடுங்கள். பிறகு தட்டை அரம். பக்கச் சுவர்கள் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் காகித டேப்பால் சுற்றி, ஒரே தகடுபோல் தேய்த்தால் இரண்டும் சம அளவில் வரும், விளிம்பும் உருளாது. மூன்று 300 தகடுகளையும் அவ்வாறே கட்டித் தேய்க்கலாம். கடைசியில் ஒரு கண்ணாடித் துண்டின்மேலோ கடப்பா கல்லின்மேலோ 220 எண் உப்புத்தாளை ஒட்டி, பக்கத்தில் ஒரு சதுரமான மரக்கட்டையை அணையாக நிறுத்தி, அதில் தகட்டைச் சாய்த்துக்கொண்டு விளிம்பை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். தாள் நகரக்கூடாது, தகடு நகர வேண்டும். கையில் தாளை வைத்துத் தேய்த்தால் விளிம்பின் இரு ஓரமும் வட்டமாகிவிடும். தூள் மூக்கில் ஏறாமல் முகக்கவசம் போட்டுக்கொள்வது நல்லது.

ஒட்டும் விளிம்பைப் பளபளப்பாக்க வேண்டாம். மங்கலாக, தட்டையாக, செங்கோணமாக இருந்தால் போதும். தீச்சுடர் காட்டி மின்னவைக்கும் வேலை பெயர்ப்பலகைக்கு. இங்கே அது லேசர் வெட்டின் குறையையே கொண்டுவரும்.

சரிபார்க்க இரண்டு வழி. தகட்டை இன்னொரு தகட்டின்மேல் நிறுத்தி, பின்னாலிருந்து வெளிச்சம் வரும்படி பாருங்கள். ஒளிக்கோடு தெரிந்தால் அங்கே பள்ளம் இருக்கிறது. இரண்டாவது, சாதாரண வெள்ளைத்தாளின் மூலையை இடுக்கில் நுழைத்துப் பாருங்கள். தாளின் தடிமன் சுமார் 0.1 மி.மீ. தாள் நுழைந்தால் மறுபடி உப்புத்தாளுக்குப் போக வேண்டியதுதான். மாணவர்களையே ஒருவர் விளிம்பை ஒருவர் சோதிக்கச் சொன்னால் தாராளம் காட்ட மாட்டார்கள்!

ஒட்டுதல்: மாணவர்கள் இல்லாத இடத்தில்

விளிம்பு ஏன் இவ்வளவு சரியாக இருக்க வேண்டும்? அக்ரிலிக்கை ஒட்டுவதற்குப் பயன்படுத்துவது பசையே அன்று, கரைப்பான். தண்ணீர்போல் இருக்கும் அந்தத் திரவத்தைச் சிரிஞ்சு ஊசியால் இடுக்கின் ஓரத்தில் விட்டால், நுண்புழைக் கவர்ச்சியால் உள்ளே ஓடிப் பரவும். இரு தகடுகளின் மேற்பரப்பையும் இளக்கும். இரண்டின் பலபடிச் சங்கிலிகளும் ஒன்றோடொன்று கலக்கும். பிறகு திரவம் ஆவியாகிவிட, இரண்டு தகடும் ஒரே தகடாகும். நடுவில் பசை என்று எதுவும் மிஞ்சாது. ஆகவே இடைவெளி இருந்தால் அதை நிரப்ப அங்கே ஒன்றுமில்லை. இடைவெளி இடைவெளியாகவே நிற்கும்.

அந்தக் கரைப்பான் பெரும்பாலும் குளோரோஃபார்ம் அல்லது மெத்திலீன் குளோரைடு. இரண்டின் ஆவியும் மயக்கம் தரும். கல்லீரலைப் பாதிக்கும் குளோரோஃபார்மும் சரி, மெத்திலீன் குளோரைடும் சரி, புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்று ஐயத்துக்குரிய பட்டியலில் உள்ளவை. சாதாரண ரப்பர் கையுறை, துணி முகக்கவசம் இவற்றைத் தடுக்காது. இதை மாணவர் கையில் கொடுக்கக் கூடாது. வகுப்பறையிலும் ஆய்வகத்திலும் திறக்கக் கூடாது. பாட்டிலைப் பள்ளியில் வைத்திருக்கவும் கூடாது. மாணவர்கள் தயாரித்த தகடுகளை ஷீட் வாங்கிய கடைக்கே எடுத்துச்சென்று ஒட்டி வாங்கிக்கொள்வதே என் பரிந்துரை. விளிம்பு சரியாக இருந்தால் அவர்களுக்கு அது கொஞ்ச நேர வேலை. ஒட்டியபின் இரண்டு நாள் காற்றாட வைக்க வேண்டும்.

நுண்புழைக் கவர்ச்சியை மாணவர்கள் பார்க்க வேண்டுமே என்றால், அதற்குத் தண்ணீரே போதும். மீந்த துண்டு இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தி, நீல மை கலந்த தண்ணீரைச் சொட்டு மருந்துக் குழலால் ஓரத்தில் ஒரு துளி விடுங்கள். நன்றாகத் தேய்த்த விளிம்பின் அடியில் நீலம் சரசரவென்று ஓடும். பள்ளம் உள்ள இடத்தில் அப்படியே நின்றுவிடும்.

கண்ணாடித் தொட்டிக்குப் போடும் சிலிக்கானால் நாமே ஒட்டிவிடலாமே என்று தோன்றும். சிலிக்கான் கண்ணாடியைக் கவ்வுவதுபோல் அக்ரிலிக்கைக் கவ்வாது. முதலில் பிடித்ததுபோல் இருந்து, தண்ணீரின் அழுத்தத்தில் மெல்ல உரிந்து வரும். உடனடிப் பசைகளும் தண்ணீரில் நிலைப்பதில்லை.

தண்ணீர் ஊற்றும் நாள்

தொட்டியைச் சமமான மேசையில், அடியில் தெர்மக்கோல் விரித்து வைக்க வேண்டும். ரசமட்டம் இருந்தால் வைத்துப் பாருங்கள். அடித்தகடு முழுவதும் தாங்கப்பட வேண்டும். மூலைகளில் மட்டும் கட்டை கொடுத்தால் நடு தொங்கும். தெர்மக்கோலுக்கும் மேசைக்கும் இடையே செய்தித்தாள்.

ஊற்றும் வேலை தொடக்க வகுப்புப் பிள்ளைகளுடையது. ஒரு லிட்டர் பாட்டிலால் எண்ணி ஊற்றட்டும். எத்தனை பாட்டில் பிடிக்கும் என்று முன்கூட்டியே ஊகிக்கச் சொல்லி, பெயரோடு பலகையில் எழுதி வையுங்கள். தண்ணீர் மட்டத்தைக் காகித டேப்பால் குறித்துவிட்டு ஒரு நாள் விடுங்கள். மறுநாள் மட்டம் கொஞ்சம் இறங்கியிருந்தால் கசிவு என்று முடிவுகட்ட வேண்டாம். பக்கத்தில் அகன்ற பாத்திரம் ஒன்றிலும் தண்ணீர் வைத்து மட்டம் குறித்திருந்தால் இரண்டையும் ஒப்பிடலாம். செய்தித்தாள் காய்ந்திருந்தால் போனது ஆவியாகிப் போனது. ஈரமாயிருந்தால் எந்த மூலை என்று தேடி, காயவைத்து, கடைக்குக் கொண்டுபோக வேண்டும்.

சோதனைத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டு மூன்று முறை புதுத் தண்ணீர் மாற்றி, ஒரு வாரம் போனபிறகே மீன் விடுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் திறந்த வாளியில் ஒன்றிரண்டு நாள் வைத்திருந்து ஊற்றலாம். பத்து லிட்டர் என்பது சிறிய இடம். நான்கைந்து கப்பி மீன்களும் கொஞ்சம் ஹைட்ரில்லாவும் போதும். தங்கமீன் கேட்பார்கள், அதற்கு இந்தத் தொட்டி பற்றாது. விடுமுறையில் யார் வீட்டுக்குத் தொட்டி போகும் என்பதை மீன் வாங்குவதற்கு முன்பே முடிவுசெய்துவிடுங்கள். வளர்க்க முடியாமல் போனாலும் கப்பிகளைக் குளத்திலோ ஏரியிலோ விடக் கூடாது. அவை நம் நீர்நிலைக்கு உரியவை அல்ல, பெருகி மற்ற மீன்களுக்கு இடைஞ்சலாகும்.

பத்தாம் வகுப்பில் ஒளியியல் நடத்தும் ஆசிரியருக்கு இந்தத் தொட்டி வருடம் முழுவதும் பயன்படும். அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் 1.49, தண்ணீருக்கு 1.33. தகட்டின் வெட்டிய விளிம்பு மட்டும் ஏன் மற்ற இடங்களைவிடப் பிரகாசமாகத் தெரிகிறது என்று மாணவர்கள் கேட்பார்கள். உள்ளே நுழைந்த ஒளி, சுமார் 42 டிகிரி என்ற மாறுநிலைக் கோணத்தைத் தாண்டி மேற்பரப்பில் படும்போதெல்லாம் முழு அக எதிரொளிப்பு அடைந்து, விளிம்பு வழியாகத்தான் வெளியே வருகிறது. மீந்த பட்டை ஒன்றின் ஒரு முனையில் டார்ச் அடித்தால் மறுமுனை ஒளிரும். ஒளி இழைக்கு வேறு மாதிரி தேவையில்லை.

துடைப்பதற்கு நனைத்த பருத்தித் துணி மட்டும். பாத்திரம் தேய்க்கும் நார் ஒரே நாளில் தொட்டியை மங்கலாக்கிவிடும். கண்ணாடி துடைக்கும் திரவம், ஸ்பிரிட், தின்னர், பெட்ரோல் எதுவும் படக் கூடாது. கை கழுவும் ஆல்கஹால் திரவம் வைத்திருக்கும் மேசையிலிருந்தும் தொட்டியைத் தள்ளியே வையுங்கள். உட்புறம் பாசி பிடித்தால், மீந்த அக்ரிலிக் துண்டு ஒன்றின் விளிம்பை நன்றாகத் தேய்த்து வழவழப்பாக்கி, அதைக் கொண்டு மெல்ல வழித்து எடுக்கலாம்.